பிரீமியம் குறைந்த வருடம்

அவளைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். செயற்கைப் பல் செய்கிற இடம் அது. டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. பிளாஸ்டர் கரைத்து அச்சு வார்க்கிறவனுக்கு மாவு என்று பெயர். பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவளுக்குப் பீங்கான். மெழுகில் பல்லைப் பதித்து வரிசை கட்டுகிறவள் என்பதால் இவள் பல்லக்கா. முதலாளியை டாக்டர் என்பார்கள். அவர் எந்தக் கல்லூரிக்கும் போய் டாக்டர் ஆனவர் இல்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிஜமான பல் டாக்டர்களிடம் ஆர்டர் கேட்டு அலைந்ததில், அந்தப் பட்டம் கோட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பல்லக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி மெழுகை இளக்கியபடியே, யார் பல் இது, இந்த ஆள் எப்படிச் சிரிப்பான், பொண்டாட்டியிடம் எப்படிப் பல்லைக் கடிப்பான் என்று நடித்துக் காட்டுவாள். கூடமே குலுங்கும். புருஷன் கிடைத்ததும் அந்தக் கூடத்தில்தான். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தவர், ஒரே ஜன்னலுக்கு மூன்று தரம் வந்து அளவு எடுத்தார். மூன்றாவது தரம், "ஜன்னல் வளருதா என்ன?" என்று அவள் கேட்டாள். அடுத்த வருடம் கல்யாணம். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மற்றபடி ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே காலம் போயிற்று.

கண்ணாடிக்காரருக்கு அடிக்கடி தலைவலி வரும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அது ரத்தக் கொதிப்பு என்று தெரிய வந்தபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வாரம் மூன்று தரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் ஆள் இருக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: நல்லவேளை, கார்டு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு டாக்டர் எல்லோருக்குமாகச் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீடு அது. பாதியை அவர் கட்டுவார், பாதி சம்பளத்தில் பிடித்தம். புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் எல்லோருக்கும் செல்லும். எடுத்த புதிதில், "ஒரு தும்மல் கூட வரல, மாசாமாசம் எதுக்குய்யா இது?" என்று முணுமுணுத்தவன் மாவுதான். கண்ணாடிக்காரர் விழுந்தபோது அவரைத் தோளில் சாய்த்து மாடிப்படி இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அவன்தான். பீங்கான் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "எத்தனை நாள் வேணாலும் லீவு போடுங்கக்கா, உங்க பல்லை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுப் பல்லக்கா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதல் கேள்வி என்ன வியாதி என்பதல்ல. "கார்டா, கேஷா?" என்பதுதான். கார்டு என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பிறகு எல்லாம் தாராளம். ஒவ்வொரு தரமும் ஏதாவது ஒரு பரிசோதனை சேர்ந்துகொண்டது. இருதயத்துக்கு ஒரு படம், எலும்புக்கு ஒரு படம், போன வாரம் எடுத்ததையே சரிபார்க்க இன்னொரு படம். பக்கத்துப் படுக்கையில் கார்டு இல்லாத ஒரு பெரியவர் இருந்தார். அதே மெஷின், அதே நர்ஸ். அவருடைய பில்லைப் பார்த்தபோது பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களுக்குப் போட்டதில் பாதிகூட இல்லை. நேரே கவுண்டருக்குப் போனாள்.

"என்னம்மா இது, அவருக்கு ஒரு ரேட்டு, எங்களுக்கு ஒரு ரேட்டா?"

"உங்களுக்கு இன்சூரன்ஸ்தானே கட்டுது? உங்க கையை விட்டா போகுது?"

வாஸ்தவம்தான் என்று பட்டது. திரும்பி வந்துவிட்டாள்.

வருடம் முடிந்து கார்டைப் புதுப்பிக்கிற நேரத்தில் தரகர் வந்தார். வாசனை பூசிய மனிதர். மடிக்கணினியோடு எல்லோருக்கும் பிஸ்கட் பொட்டலமும் கொண்டுவந்தார். பாலீஷ் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். புது பிரீமியத்தை அவர் சொன்னதும் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. போன வருடத்தைப்போல மூன்று மடங்கு.

"ஏன் சார் இவ்வளவு?" என்றான் மாவு.

"சிம்பிள் கணக்கு. நீங்க எல்லாரும் கட்டுறது ஒரு பானையில விழுது. போன வருஷம் பானையில விழுந்தது கொஞ்சம், ஆஸ்பத்திரி அள்ளிட்டுப் போனது நாலு பங்கு. கம்பெனி தர்மத்துக்கா நடத்துறான்? அடுத்த வருஷம் உங்ககிட்டதான் வசூல் பண்ணுவான்."

"நாங்க யாரும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலையே?" என்றது யாரோ ஒரு குரல்.

"அதானே. ஒரே ஒரு கேஸ்தான் மொத்தத்தையும் தின்னிருக்கு. பேரு சொல்ல மாட்டேன், அது நாகரிகம் இல்ல."

அவர் நாகரிகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். மற்ற எல்லோரும் பல்லக்காவைப் பார்த்தார்கள். அவள் கையில் பாதி தின்ற பிஸ்கட் இருந்தது. அதை விழுங்குவதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்காரன் கார்டுன்னா ரெட்டிப்பா போடறான் சார், அதை யாராவது கேட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

"கரெக்ட் மேடம். ஊரெல்லாம் அப்படித்தான். அதனாலதான் எல்லாருக்கும் ஏறுது. ஆனா நாம ஆஸ்பத்திரியைத் திருத்த முடியாது இல்ல? நம்ம கையில என்ன இருக்கோ அதைத்தான் குறைக்கணும்."

குறைக்கிற வழிகளை அவர் சொன்னார். குடும்பத்தை எடுத்துவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கார்டு வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை அவரவர் கையிலிருந்து கட்ட ஒத்துக்கொள்ளலாம். குடும்பத்தை எடுத்துவிடலாம் என்றதும் பீங்கான் எழுந்தே நின்றுவிட்டாள். அவள் பெண்ணுக்கு வீசிங். குளிர்காலம் வந்தால் மூக்கில் குழாய் மாட்டிப் படுத்துக்கிடக்கும் குழந்தை. "என் புள்ளையை எடுத்தீங்கன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள்.

"வேற வழியே இல்லையா?" என்றான் மாவு.

"ஒண்ணு இருக்கு. டாக்டர்கிட்ட தனியா சொல்லியிருக்கேன்" என்று தரகர் மடிக்கணினியை மூடினார்.

மறுநாளிலிருந்து கூடத்தின் சத்தமே மாறிவிட்டது. பல்லக்கா ஏதாவது சொன்னால் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேண்டிய அச்சுகளை மாவு கடைசியாகத்தான் வார்த்தான். ஈரம் காயாத பிளாஸ்டரில் மெழுகு ஒட்டாமல் நழுவும். அவள் வேலை தாமதமாகும். தாமதமானால் டாக்டர் சத்தம் போடுவார். ஜன்னலோர மேசையிலிருந்து அவளை எடுத்துப் பாலீஷ் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். வெளிச்சம் பீங்கானுக்குத்தான் அதிகம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். நாள் முழுக்கப் பல்தூள் பறந்து அவள் புருவத்தில் படிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாட்களில் பாலீஷ்காரன், "இன்னிக்கு மாமாவுக்கு ஆயில் மாத்துற நாளா?" என்று கேட்டான். அதற்கு மட்டும் கூடம் சிரித்தது. சம்பளத்தைப் பற்றி யார் எங்கே பேசினாலும் அவள் வரும்போது பேச்சு அறுந்தது.

ஒரு மத்தியானம் மாவு தானாகவே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் காய்ந்த பிளாஸ்டரை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தான்.

"மாமா எப்படிக்கா இருக்காரு?"

எத்தனையோ நாள் கழித்து ஒருவன் கேட்கிறான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பரவாயில்லடா. நல்லா சாப்பிடறாரு. போன வாரம் படியேறி வந்தாரு தெரியுமா?"

"ஓ." அவன் உரிப்பதை நிறுத்தவில்லை. "டாக்டருங்க என்ன சொல்றாங்க? எத்தனை நாளைக்குன்னு ஏதாவது...?"

"எது எத்தனை நாளைக்கு?"

"இல்லக்கா, சும்மாதான். புதுப்பிக்கறதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா..." எழுந்து போய்விட்டான்.

அவன் என்ன கேட்டான் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது கையிலிருந்த கத்தி விளக்கிலேயே கிடந்து சிவந்துபோயிருந்தது.

டாக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

"நீயா விருப்பப்பட்டு உன் வீட்டுக்காரரைக் கார்டுல இருந்து எடுத்துட்டதா எழுதிக் கொடுக்கணும். அதான் தரகர் சொன்ன வழி."

"நான் எப்படி டாக்டர் விருப்பப்படுவேன்?"

"கோபப்படாம கேளு. நீ எழுதிக் கொடுக்கலைன்னா நான் எல்லாக் குடும்பத்தையும் எடுத்துடுவேன். என்னால கட்ட முடியாது, சத்தியமா முடியாது. அப்பவும் உன் வீட்டுக்காரருக்குக் கிடையாது. நீ எழுதிக் கொடுத்தாலும் அவருக்குக் கிடையாது. எப்படிப் பாத்தாலும் அவருக்கு இல்ல. மத்தவங்க புள்ளைங்களுக்காவது இருக்கட்டுமே?"

இதில் எங்கே பொய் இருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு அலைந்தாள். தனியாகக் காப்பீடு எடுக்கலாமா என்று அதே தரகரிடம் கேட்டாள். வந்த வியாதிக்கு எவனும் எடுக்க மாட்டான், எடுத்தாலும் சில வருடம் காத்திருக்க வேண்டும் என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. அரசாங்க ஆஸ்பத்திரியில் மெஷின்கள் குறைவு. பெயரை எழுதிக்கொண்ட ஊழியர், "யாராவது காலி பண்ணினா கூப்பிடறோம்மா" என்றார். எப்படிக் காலி பண்ணுவார்கள் என்று அவள் கேட்கவில்லை.

தவணை முடிந்த அன்று கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் பீங்கான் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "என் புள்ளையைக் காப்பாத்திட்டீங்கக்கா, உங்களை மறக்கவே மாட்டேன்." பல்லக்காவின் இரண்டு கைகளும் தொங்கியபடியே இருந்தன. அன்று சாயங்காலமே அவள் மேசை ஜன்னலுக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் அவர் கட்டிலில் சாய்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மறைக்கத் தெரியாதவள், செருப்பைக் கழற்றியதுமே சொல்லிவிட்டாள். அவர் ரேடியோவை அணைத்தார்.

"என் பேரை அடிச்சுட்டியா?"

"அடிச்சுட்டேங்க."

"கல்யாணப் பதிவுலயாவது விட்டு வச்சிருக்கியா, அங்கயும் போய் அடிச்சுட்டு வந்துட்டியா?"

பழைய வழக்கப்படி அவர் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி விடு, உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் பிறகு. அது உண்மையா ஆறுதலா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேஷ் என்று சொன்னதும் ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளெல்லாம் மாயமாய் மறைந்தன. பில் பாதியானது. ஆனாலும் அது அவள் சம்பளத்துக்கு எட்டுகிற பாதி இல்லை. கண்ணாடி வெட்டுகிற மேசை போயிற்று, வைர முனைக் கத்திகள் போயின, கழுத்தில் இருந்ததும் போயிற்று, கடனும் ஏறியது. ராத்திரி அவருக்குப் போட்டுவிட்டு, தனக்குப் பசி இல்லை என்று படுத்துவிடுவாள். ஒருநாள் அவர் வந்து, "இனிமே வாரத்துக்கு ரெண்டு தரம் போதும்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். டாக்டர் ஏன் அப்படிச் சொல்வார் என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்ப வேண்டிய தேவை இருந்தது, நம்பினாள். கொஞ்ச நாளில், "நீ லீவு போட வேணாம், நானே பஸ்ல போயிட்டு வந்துடறேன்" என்றார். அதையும் நம்பினாள். சாயங்காலம் அவள் வரும்போது கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு நர்ஸ் புதுசு, குத்துறதுக்கே தெரியல" என்று கதை சொல்வார்.

அதே நேரத்தில் கூடத்தில் புதுச் சம்பளச் சீட்டு வந்தது. பிடித்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது. மாவு எல்லோருக்கும் இனிப்பு வாங்கினான். தயங்கித் தயங்கி அவளிடமும் ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொள்ளாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இவர்களோடு எப்படி இருப்பது என்று அவள் யோசித்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குச் சகிக்கவில்லை.

முதலில் அவர் கணுக்கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை என்றார். பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் பானைபோல் உப்பியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். வாசலில் அவரைப் பார்த்த நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டீங்கன்னு நெனச்சோம். இவரு இங்க வந்தே ரொம்ப நாளாச்சே?"

பல்லக்கா அவரைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவர் சட்டைக் கை மேலேறியிருந்தது. மடக்கிய முழங்கையில் அந்தப் பஞ்சு இருந்தது, சுத்தமாக, ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல். மருந்துக் கடையில் வாங்கித் தன் கையாலேயே ஒட்டிக்கொண்டு, பஸ் நிலையத்துப் பெஞ்சில் பொழுதைப் போக்கிவிட்டு வந்திருக்கிறார். அவள் கொடுத்தனுப்பிய பணத்தைக் கடன்காரர்களுக்குக் கட்டியிருக்கிறார்.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்று உலுக்கினாள்.

"நீதான் தின்னவே மாட்டேங்கிறியே" என்றார் மூச்சுக்கு நடுவில்.

கவுண்டரில் அதே பெண். "கார்டா, கேஷா?" என்றாள் தலை நிமிராமல்.

"கேஷ்."

"அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க, உள்ள எடுத்துடுவாங்க."

"முதல்ல மெஷின்ல போடுங்கம்மா, நான் போய் எடுத்துட்டு வர்றேன். எத்தனை தரம் வந்திருக்கோம், தெரியாதா எங்களை?"

"தெரியுங்க. ரூல்ஸ் என் கையில இல்ல."

அவள் மாவுக்குப் போன் செய்தாள். வேறு யாருக்குச் செய்வது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவன் மறுபேச்சு பேசாமல் பணத்தோடு வந்துசேர்ந்தான், மூச்சிரைக்க. ரசீது வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது நர்ஸ் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கழுத்தில் விரல் வைத்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள். நடைபாதையில் ஆட்கள் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்கள். கட்டின அட்வான்ஸைத் திருப்பி வாங்க இன்னொரு கவுண்டர் என்றார்கள்.

சாவுக்குக் கூடமே இழுத்து மூடப்பட்டது. டாக்டர் மாலையோடு வந்தார். மாவு முன்னால் நின்று எல்லா வேலையையும் செய்தான், பாடையைத் தோளில் இருந்து இறக்கவே இல்லை, அவளைவிட உரக்க அழுதான். பீங்கான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தெய்வம் மாதிரி மனுஷன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அந்த அழுகையில் நடிப்பு துளியும் இல்லை. அதுதான் பல்லக்காவுக்குத் தாங்கவில்லை. நடித்திருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். வேறெங்கே போவாள்? அடுத்த புதுப்பிப்புக்குத் தரகர் வந்தார், பிஸ்கட்டோடு. பிரீமியம் மறுபடி ஏறியிருந்தது. குறைவதற்கு முன்பு எங்கே இருந்ததோ அதையும் தாண்டி.

"என்ன சார் அநியாயம்? இந்த வருஷம்தான் யாருமே பெருசா போகலையே?" என்று மாவு கத்தினான். "நீங்க சொன்னபடி நாங்க அந்த..." சொல்ல வந்தவன் பல்லக்கா இருப்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"உங்களால இல்லங்க. ஊர்ல ஆஸ்பத்திரி செலவே ஏறிப்போச்சு. சின்ன கும்பல் எதுவா இருந்தாலும் கம்பெனி ஏத்தத்தான் செய்வான்" என்றார் தரகர். எல்லோருடைய முகத்தையும் பார்த்து அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். யாரையாவது சந்தோஷப்படுத்த நினைத்து அவள் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு மட்டும் நல்ல செய்தி. இனி ஒரே ஆள்தானே, உங்க பிடித்தம் நல்லா குறைஞ்சிடும்."

பல்லக்கா தன் பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"போன வருஷமே அவர் பேரை எடுத்துட்டேனே. அப்போ போன வருஷம் எனக்கு எப்படிப் பிடிச்சீங்க?"

தரகர் மடிக்கணினியில் தேடினார். "குடும்ப ரேட்டுலதான் பிடிச்சிருக்கோம். நீங்க மாத்தச் சொல்லலையே மேடம்."

டாக்டர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். பீங்கான் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லக்கா திட்டுவாள், பிஸ்கட்டைத் தூக்கி அடிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்து போய் விளக்கைப் பற்றவைத்தாள்.

இன்றும் அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். பல் வரிசை முன்னைவிடச் சீராக வருகிறது என்று டாக்டர் வெளியில் பெருமையாகச் சொல்கிறார். யாருடைய சிரிப்பையும் அவள் நடித்துக் காட்டுவதில்லை. மத்தியானம் பீங்கான் தினமும், "சாப்பிட வாங்கக்கா" என்று கூப்பிடுகிறாள். "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி தனியாகச் சாப்பிடுகிறாள்.